உப்சாலாவிலிருந்து தங்கச்சிக்கு

அன்புள்ள தங்கச்சிக்கு,

நான் இங்கே நல்ல சுகம். அம்மா, அப்பா, அப்பம்மா எல்லாரும் சுகம்தானே? மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் உனக்கும் சுவீடனில் இந்த உப்சாலா பல்கலைக்கழகமே கிடைத்துவிட்டது என்று அப்பா சொன்னதும் சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. போனில் கதைத்தால் பாதி மறந்துபோகும். அதனால்தான் இருந்து எழுதுகிறேன்.

ஆறு பாடம் எடுக்கப் போகிறாயாம். வேண்டாமடி, நாலு போதும். கணக்கைக் கொஞ்சம் பார். நம் இலங்கையில் ஒரு கிரெடிட் என்றால் விரிவுரை, ஒப்படை, சுயபடிப்பு எல்லாம் சேர்த்து 50 மணி நேர வேலை. ஐரோப்பாவில் அது 25 முதல் 30 மணிதான். அப்படியென்றால் இங்கே ஒரு செமஸ்டருக்குச் சொல்லும் 30 கிரெடிட், அதாவது 7.5 வீதம் நாலு பாடம், கொழும்புக் கணக்கில் 15 முதல் 18 வரைதான். எண்ணைப் பார்த்துப் பயப்படாதே. ஆனால் நேர அட்டவணையில் வெற்றிடம் தெரிகிறதே என்று இன்னொரு பாடத்தைச் சேர்த்துவிடவும் வேண்டாம். 7.5 கிரெடிட் பாடம் ஒன்றுக்கு 200 மணி நேரம் போகும். அதில் வகுப்பில் இருக்கும் நேரம் கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் வாசிப்பு.

அங்கே போல எல்லாப் பாடமும் ஒன்றாக ஓடி, கடைசியில் ஸ்டடி லீவு விட்டுப் பரீட்சை வைக்கும் வழக்கம் இங்கே இல்லை. செமஸ்டரை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு பாதியிலும் ஒன்றிரண்டு பாடம் நடத்துவார்கள். பாடம் முடிந்த கையோடு பரீட்சை, உடனே அடுத்த பாடம். அதனால் எக்கோனோமெட்ரிக்ஸை, அந்தப் பொருளியல் புள்ளிவிவரக் கணக்குப் பாடத்தை, முதல் பாதியில் போடு. செப்டம்பரில் இங்கே நல்ல வெளிச்சம், உடம்பும் மனமும் ஒத்துழைக்கும். டிசம்பரில் பின்னேரம் மூன்று மணிக்கு முன்னமே சூரியன் மறைந்துவிடும். வருடம் முழுக்க ஆறு மணிக்கு விடிந்து ஆறு மணிக்கு இருட்டும் ஊரில் வளர்ந்தவர்களுக்கு அது என்ன செய்யும் என்று வந்து பார்த்தால்தான் தெரியும். அந்த நேரத்துக்கு உனக்குப் பிடித்த, ஓரளவு லேசான பாடத்தை வைத்துக்கொள். ஆரம்ப நிலை சுவீடிஷ் வகுப்பு கிடைத்தால் விடாதே.

வகுப்பு 10 மணி என்றால் 10.15க்குத்தான் தொடங்கும், இது இந்தக் கம்பஸின் பழைய வழக்கம். செமினாரில் பத்துப் பேர் ஒரு மேசையைச் சுற்றி இருப்போம். விரிவுரையாளரை "சேர்", "மிஸ்" என்று யாரும் கூப்பிடுவதில்லை, பெயர்தான். அவர் கட்டுரையின் ஒரு பக்கத்தைத் திருப்பி, "இதில் உனக்கு எது சரியாகப் படவில்லை?" என்று நேரே உன்னைப் பார்த்துக் கேட்பார். குறிப்பெழுதி ஒப்புவிக்கிற பழக்கம் இங்கே உதவாது. வாசித்துவிட்டுத்தான் போக வேண்டும். எனக்கு இந்தப் படிப்பில் மிகவும் பிடித்ததே இதுதான்.

அப்புறம், லேர்னிங் அக்ரிமென்ட், அதாவது இங்கே நீ எந்தெந்தப் பாடம் படிப்பாய் என்று எழுதும் ஒப்பந்தம். உன் கையெழுத்து, உங்கள் பீடத்தின் கையெழுத்து, இங்குள்ளவர்களின் கையெழுத்து மூன்றும் அதில் வேண்டும். எந்தப் பாடத்துக்குப் பதிலாக எது என்பதைப் புறப்படுமுன் துறைத் தலைவரிடம் எழுத்தில் வாங்கு. வாய்ப்பேச்சு போதாது. இங்கே வந்தபின் இரண்டு பாடம் நேரம் மோதினால் மாற்றலாம், ஆனால் மூன்று பேரும் திரும்ப ஒப்புக்கொள்ள வேண்டும். அதனால் மேலதிகமாக இரண்டு பாடத்துக்கு இப்போதே சம்மதம் வாங்கி வைத்துக்கொள்.

பரீட்சைக்குத் தனியாகப் பதிய வேண்டும், பல நாட்களுக்கு முன்பே பதிவு மூடிவிடும். தவறினால் மறுபரீட்சைக்குக் காத்திருக்க வேண்டும், அதற்குள் நீ வெள்ளவத்தை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருப்பாய். செமஸ்டர் ஜனவரி நடுப்பகுதி வரை போகும். தைப்பொங்கலுக்கு வீட்டில் நிற்பாய் என்று அம்மா டிக்கெட் பார்க்கத் தொடங்கியிருப்பா. பரீட்சைத் திகதி தெரியும்வரை பொறுக்கச் சொல்.

படிப்பைத் தவிர சமையலுக்கும் நேரம் ஒதுக்கு. கொழும்பில் கோல் ரோட்டுக்கு இறங்கிக் கொத்துரொட்டி வாங்குகிற மாதிரி இங்கே முடியாது, வெளியில் சாப்பிட்டால் காசு கரைந்துவிடும். உடுப்புத் தோய்க்கவும் கட்டிடத்து மெஷினுக்கு முன்கூட்டியே நேரம் பதிய வேண்டும். ஞாயிறு பின்னேரத்தை நான் இதற்கென்றே வைத்திருக்கிறேன். கிழமைக்குத் தேவையான பருப்பும் கறியும் அன்றைக்கே சமைத்து முடித்துவிடுவேன்.

உன் பாடப் பட்டியலை இந்தக் கிழமைக்குள் அனுப்பு. நேர அட்டவணையோடு வைத்துப் பார்த்துச் சொல்கிறேன். அம்மாவிடம் மிளகாய்த்தூள் வறுக்கச் சொல், நீ வரும்போது கொண்டு வா.

அன்புடன்,
அக்கா