சிடி வேணாம், லிங்க் போடுங்க: நூலகத்துக்கும் ஆராய்ச்சிப் பிரிவுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நூலகர் ஐயாவுக்கும் ஆராய்ச்சிப் பிரிவு அதிகாரிகளுக்கும் வணக்கம்.

போன வாரம் வந்த சர்க்குலர் பார்த்தேன். தீசிஸ் பிடிஎஃப் கூட டேட்டாவ சிடில போட்டு பின்னட்டைல ஒட்டித் தரணுமாம். சிடி கேட்டு நாலு கடை ஏறி இறங்கினேன், கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அது பரவால்ல, அந்த சிடி கடைசில என்ன ஆகும்னு எனக்குத் தெரியும், அதான் எழுதறேன்.

நான் பண்றது நிலத்தடி நீர்ல உப்பு ஏறறது பத்தி. 2008லயே நம்ம சீனியர் ஒருத்தர் இதே ஊர்கள்ல கிணறு கிணறா அளந்திருக்கார், தீசிஸ் ஷோத்கங்கால (நம்ம நாட்டுப் பல்கலைக்கழக தீசிஸ்கள ஏத்தி வைக்கற வெப்சைட்) இருக்கு. திறந்தா ஸ்கேன் பண்ண பக்கம், அதுவும் கோணலா, கீழ "முழு விவரம் சிடியில்"னு ஒரு வரி. உங்க ஸ்டாஃப் பாவம் ரெண்டு நாள் தேடி எடுத்துக் குடுத்தாங்க, ஃப்ரெண்டோட பழைய லேப்டாப்ல போட்டா கர்ர்னு ஒரு சத்தம், அவ்ளோதான். அவரோட பேப்பர்ல "கேட்டால் தரப்படும்"னு இருந்துச்சு, மெயில் போட்டேன், ரிட்டயர் ஆனதும் அக்கவுண்ட்ட மூடிட்டீங்க போல, திரும்பி வந்துடுச்சு. கடைசில 212 வரிய நானே பதினோரு நாள் உக்காந்து எக்செல்ல அடிச்சேன். 3ஆ 8ஆன்னு புரியாத கட்டத்துக்கெல்லாம் மஞ்சள் அடிச்சு வச்சிருக்கேன். குளோரைடு 230ஆ 280ஆ? குடிதண்ணிக்கு பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) சொல்ற லிட்டருக்கு 250 மில்லிகிராமுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமான்னே மாறிடுதுங்க.

கேக்கறது ஒண்ணுதான். தீசிஸ் ஏத்தும்போதே டேட்டாவையும் ஃபைலா எங்கயாவது ஏத்தி, ரெண்டையும் லிங்க் பண்ணுங்க. நம்ம சர்வர்ல இடம் இல்லன்னா ஸெனோடோன்னு டேட்டா ஏத்தி வைக்கற வெப்சைட் இருக்கு, ஐரோப்பாவோட சேர்ன் ஆராய்ச்சி மையத்துக்காரங்க 2013லேர்ந்து நடத்தறது, ஒரு பதிவுக்கு 50 ஜிபி வரைக்கும் இலவசம், டிஓஐயும் (ஃபைலுக்கான நிரந்தர லிங்க் நம்பர்) தர்றாங்க. என் ஃபைல் மொத்தமே 4 எம்பி. அந்த டிஓஐ தீசிஸ் பக்கத்துல இருக்கணும், 10603ன்னு ஆரம்பிக்கற ஷோத்கங்கா ஹேண்டில் (தீசிஸோட நிரந்தர லிங்க் நம்பர்) டேட்டா பக்கத்துல இருக்கணும். நோயாளி விவரம் மாதிரி வெளிய விடக்கூடாதது இருந்தா பூட்டி வைங்க, ஆனா இப்படி ஒண்ணு இருக்குன்னு ஒரு பக்கமாவது இருக்கட்டும்.

ரெக்ஸின் அட்டை என்ன கலர், தங்க எழுத்து எவ்ளோ பெருசுன்னு சர்க்குலர் வருது. வரிய எங்கேர்ந்து சுட்டோம்னு பார்க்க சாஃப்ட்வேர் இருக்கு, நம்பர் எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேக்கத்தான் ஒரு ஆள் இல்ல. யுஜிசி 2009ல விதி போட்டதுனால தீசிஸ் ஆன்லைன்ல ஏறுச்சு, டேட்டாவுக்கும் டெல்லிலேர்ந்து கடுதாசி வந்தாத்தான் ஏத்துவோமா?

மன்னிக்கணும், கோவத்துல எங்கயோ போயிட்டேன். அடுத்த மாசம் எனக்கு சப்மிஷன். சிடியும் வாங்கிட்டேன், ஒட்டித் தந்துடறேன். தயவுசெஞ்சு ரெக்கார்டுல டேட்டா லிங்க்குக்குன்னு ஒரே ஒரு கட்டம் திறந்து விடுங்க, டிஓஐய நானே வந்து டைப் பண்ணிக் குடுக்கறேன்.

இப்படிக்கு,
மஞ்சள் கட்டங்களோட உக்காந்திருக்கற ஒரு ஆராய்ச்சி மாணவி