இசை ஆசிரியர் பயிற்சி: தாராவியிலிருந்து ஒரு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

சென்ற ஆண்டு நம் பகுதிப் பள்ளி ஒன்றில் பூட்டிக்கிடந்த அலமாரியைத் திறந்து பார்த்தோம். யாரோ நல்ல மனதோடு வாங்கிக் கொடுத்த மூன்று வயலின், ஒரு ஹார்மோனியம், இரண்டு மிருதங்கம். வயலின் தந்திகள் அறுந்திருந்தன. ஹார்மோனியத்தின் துருத்தியை எலி கடித்திருந்தது. மிருதங்கத் தோலில் மழைக்காலப் பூஞ்சை. பிள்ளைகளுக்கு ஆசை நிறைய, சொல்லித்தரத்தான் ஆளில்லை. அங்கிருக்கும் பாட்டு டீச்சருக்கு வாய்ப்பாட்டு மட்டும்தான் தெரியும். அவர் மேல் தப்பில்லை, வாத்தியங்களை அவருக்கு யாரும் கற்றுத்தரவில்லை.

அதனால்தான் ஆசிரியர் பயிற்சி படிக்கும் நம் பிள்ளைகள் 20 பேருக்கு, ஓராண்டு, ஞாயிறுதோறும் பல வாத்தியப் பயிற்சி தர முடிவு செய்திருக்கிறோம். வயலின், குழல், மிருதங்கம், தபலா, ஹார்மோனியம், கீபோர்டு, கிட்டார், பறை. இவர்களை வித்வான் ஆக்கும் எண்ணம் இல்லை. எந்த வாத்தியமானாலும் ஒரு குழந்தையின் முதல் ஆறு மாதத்தை இவர்கள் கைபிடித்துக் கூட்டிப்போக வேண்டும்.

அதற்கே தெரிய வேண்டியது நிறைய. எட்டு வயதுக் குழந்தைக்கு முழு அளவு வயலின் கொடுத்தால் தோள் வலிக்கும், அரை அளவு வேண்டும். கர்நாடக முறையில் உட்கார்ந்து வாசிக்க ஒரு சுருதி, மேற்கத்திய முறைக்கு வேறு சுருதி. சின்ன விரல்களுக்கு நீளக் குழலின் துளைகள் எட்டாது, குட்டைக் குழல்தான் சரி. கீபோர்டில் ஸ்வரங்களைக் கண்ணால் காட்டலாம். ஆனால் கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்துக் குழைப்பது, புரிய வேண்டுமென்றால் குரலுக்கோ தந்திக்கோ குழலுக்கோதான் வர வேண்டும். தோல் இறுகுவதற்காகப் பறையை வகுப்பில் தீயில் காய்ச்ச முடியாது, அதனால் ஃபைபர் தோல் போட்டது வாங்குகிறோம்.

பறை எதற்கு என்று சிலர் கேட்டார்கள். திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து இங்கே தோல் பதனிட்டுப் பிழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் படிக்கும் இடம் இது. பறை இல்லாத இசை வகுப்பு எங்களுக்குச் சம்மதமில்லை.

மொத்தச் செலவு 4,00,000 ரூபாய். வாத்தியங்களுக்கு 1,60,000, மீதி முழுக்கக் கற்றுத்தரும் கலைஞர்களின் சம்பளம். சண்முகானந்தா அரங்கத்துக் கச்சேரிக்கு டிக்கெட் வாங்கும் நாம், கலைஞர்களைச் சும்மா வந்து சொல்லிக்கொடுங்கள் என்று கேட்பது நியாயமில்லை. குழுவினர் நாங்கள் 70,000 போட்டிருக்கிறோம். 500 ரூபாய் தந்தாலும் தந்திக்கும் வில்லுக்குப் பூசும் ரோசினுக்கும் ஆகும்.

அப்புறம், உங்கள் வீட்டுப் பரணில் பழைய வாத்தியம் கிடந்தால் தாருங்கள். உடைந்திருந்தாலும் பரவாயில்லை, பழுது பார்க்கக் கற்பதும் பாடத்தில் உண்டு. சயான், மாட்டுங்கா, செம்பூர் என எங்கிருந்தாலும் நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம். பணத்தைக் குழு உறுப்பினர் யாரிடமும் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளலாம். வகுப்பு ஜூனில் தொடங்குகிறது. மழை வருமுன் வாத்தியங்கள் கைக்கு வந்தால் நனையாமல் கொண்டுவந்து சேர்த்துவிடுவோம்.

இப்படிக்கு,
இசை ஆசிரியர் பயிற்சிக் குழுவினர்,
தாராவி, மும்பை