சிங்கப்பூரில் இருக்கும் மகளுக்கு

அன்பு மகள் கயல்விழிக்கு அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். தீபாவளிக்குப் பிறகு நீ அம்மாவிடம் மட்டும் பேசி, குழந்தைக்குப் பல் முளைத்த செய்தியோடு தொலைபேசியை வைத்துவிடுகிறாய். அலுவலகத்தைப் பற்றி நான் கேட்டால், “ஏதோ மாற்றம் நடக்கிறதுப்பா” என்பதற்கு மேல் பதில் இல்லை. மாப்பிள்ளை என்னிடம் எதுவும் சொல்லவில்லை, அவரைக் கடிந்துகொள்ளாதே.

ஜப்பானியக் கார் நிறுவனமான நிசானின் விவகாரத்தை மறுபடியும் படித்துக்கொண்டிருக்கிறேன். 1999இல் கடனில் தத்தளித்த நிசானைப் பிரெஞ்சுக் கார் நிறுவனமான ரெனால்ட் பணம் போட்டுக் காப்பாற்றியது. பின்னாளில் ரெனால்ட்டிடம் நிசானின் 43.4 சதவீதப் பங்கு இருந்தது; அதைவிட அதிகக் கார்களை விற்ற நிசானிடமோ ரெனால்ட்டின் 15 சதவீதம், அதுவும் வாக்குரிமை இல்லாமல். இப்படிப் பாகம் பிரித்தால் சண்டை வராமல் என்ன செய்யும்? இரண்டையும் நிரந்தரமாகப் பிணைக்கும் பேச்சு 2018இல் சூடுபிடித்த வேளையில், நிசானுக்குள்ளேயே சிலர் தங்கள் தலைவர் கார்லோஸ் கோனின் கணக்குகளை ரகசியமாகத் துருவினார்கள். நவம்பர் 19 அன்று டோக்கியோவில் வந்திறங்கியதும், தன் ஊதியத்தைக் கணக்கில் குறைத்துக் காட்டினார் என்று அவர் கைதானார். குற்றமா, பதவிச் சண்டையா என்று இன்றும் வாதிடுகிறார்கள். இரண்டும் கலந்தது என்பது என் எண்ணம்.

ஆனால் என் மனம் சுற்றிவருவது கோனை அல்ல, அவருக்குக் கீழே இயக்குநராக இருந்த அமெரிக்கர் கிரெக் கெல்லியை. கழுத்து அறுவை சிகிச்சைக்காக அமெரிக்காவில் காத்திருந்தவரை, போர்டு கூட்டத்துக்கு நேரில் வரவேண்டும் என்று அழைத்தார்கள். கோனின் ஊதியத்தை மறைக்க உதவினார் என்று, வந்திறங்கிய அன்றே அவரும் கைது. கோன் 2019 டிசம்பரில் ஒரு பெட்டிக்குள் ஒளிந்து லெபனானுக்குத் தப்பினார். கெல்லியோ 2022 மார்ச்சில் தீர்ப்பு வரும்வரை ஜப்பானிலேயே கிடந்தார்; பெரும்பாலான குற்றச்சாட்டுகளில் விடுதலை, ஒரே ஓர் ஆண்டின் கணக்குக்காக ஆறு மாதத் தண்டனை, அதையும் நிறுத்திவைத்தார்கள். கோனைப் பத்திரிகையாளர்கள் முன் சாடிய நிசான் தலைமைச் செயல் அதிகாரி ஹிரோட்டோ சைகாவாவும், தன் கூடுதல் ஊதியம் வெளியானதும் 2019 செப்டம்பரில் விலகினார்.

கணக்கில் நீ புலி என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறவன் நான். உனக்குப் பிராந்திய நிதிப்பொறுப்பு கிடைத்த அன்று தெரு முழுக்க இனிப்புக் கொடுத்தேன். ஆனால் நம்பியவர் பின்னால் கேள்வி கேட்காமல் போய் நிற்கும் குணமும் உனக்குப் பள்ளியிலிருந்தே உண்டு. தங்கமணி டீச்சர் விஷயத்தில் நாம் பட்டது போதும்.

ஆகவே, தலைமையகம் ஒன்று சொல்லி, உங்கள் பிராந்தியத் தலைவர் வேறொன்று சொல்லி, நடுவில் உன் முன்னால் ஓர் அறிக்கையை நீட்டினால், வாய்ச்சொல்லை நம்பிக் கையெழுத்திடாதே. இன்னார் இன்ன தேதியில் சொன்னார் என்று மின்னஞ்சலில் பதிவு செய். மேலே இருப்பவர்கள் நாளை சமாதானமாகிவிடுவார்கள். உன் கையெழுத்து மட்டும் கோப்பில் நிற்கும். வாய்ச்சொல்லை நம்பாதே என்று மீண்டும் சொல்கிறேன். கம்பெனி வக்கீல் கம்பெனிக்குத்தான் வக்கீல். அங்கே உனக்கென்று ஒருவரைப் பார். கட்டணத்தை நினைத்துத் தயங்காதே, திருமழிசை மனைக்கு வைத்த பணம் அப்படியே இருக்கிறது.

அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. ஞாயிறு காலை அவள் கோயிலுக்குப் போயிருக்கும் நேரத்தில் என்னைக் கூப்பிடு.

அன்புடன்,
அப்பா