ஒழுங்கை வேலை முடிந்தது, காசு போன வழி இதுதான்

அங்கத்தவர்களுக்கு வணக்கம். மட்டக்களப்பு புளியந்தீவில் நம் வீடுகளுக்குப் பின்னால் வாவிக்கு இறங்கும் ஒழுங்கை வேலை முடிந்துவிட்டது. கணக்குக் கொப்பியும் பற்றுச்சீட்டுகளும் பொருளாளர் வீட்டில் இருக்கின்றன, யாரும் வந்து பார்க்கலாம். மதிலில் சித்திரம் ஏன் இல்லை என்று பலர் கேட்பதால்தான் இதை எழுதுகிறோம்.

சித்திரம் பிறகு கீறலாம். ஒழுங்கை பாழானது கானால்தான், அதாவது தண்ணீர் ஓடும் வடிகாலால்தான். யுத்த காலத்தில் பயத்தில் பின்படலைகளை ஆணியடித்து மூடினோம், ஆள் நடமாட்டம் நின்றது, ஆளில்லாத இடம்தானே என்று குப்பை விழத் தொடங்கியது, கான் அடைத்தது, மறுகா மாரிக்கு மாரி முழங்கால் தண்ணீர். வாவியின் பங்கும் உண்டு. மாரியில், வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்து மணல்திட்டு வெட்டப்படும்வரை வாவி மட்டம் ஏறிக்கொண்டே போகும், அப்போது நம் கான் தண்ணீர் இறங்காது, வாவித் தண்ணீர்தான் கான் வழியே ஏறி வரும். எவ்வளவு கொங்கிரீட் கொட்டினாலும் இதை மறிக்க முடியாது.

அதனால் கானை ஆழப்படுத்தி, இரண்டு பேர் தூக்கக்கூடிய சிறு மூடிகள் போட்டோம். பாதைக்கு மணல் பரப்பி இன்டர்லொக் கல், இடுக்கு வழியே கொஞ்ச மழையாவது நிலத்துக்குள் இறங்கட்டும். 6 அடி அகலத்துக்கு ஒன்றரை அங்குலச் சரிவு வைக்கச் சொன்னபோது மேசன் சிரித்தார், ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிக் காட்டியதும் சரி என்றார்.

அள்ளிய குப்பையில் பெரும்பங்கு யோகட் கோப்பையும் சிரட்டையும். டெங்கு நுளம்பு முட்டையிட அதில் தேங்கும் தண்ணீரே போதும். முட்டை நுளம்பாக 7 முதல் 10 நாள்தான் எடுக்கும், ஆகவே கிழமைக்கு ஒரு முறை கட்டாயம் துப்புரவு, முறைப்பட்டியல் வீட்டுக்கு வீடு வரும். மாதத்துக்கு ஒரு முறை போதாதா என்று கேட்க வேண்டாம்.

மாநகர சபை அனுமதியோடுதான் எல்லாம் நடந்தது. எல்லைக்குள் வந்திருந்த ஒரு மதிலை உரியவரே தள்ளிக் கட்டித் தந்தார், நன்றி, அந்தக் கதை அவ்வளவோடு போகட்டும்.

மிச்ச வேலை உங்களுடையது. கல்லும் லைட்டும் போட்டுவிட்டோம், ஆனால் படலைகளில் பாதி இன்னும் பூட்டித்தான் கிடக்கின்றன. இரண்டு பக்கமும் மூடிய மதிலென்றால் இருட்டிய பிறகு எந்தப் பிள்ளை அதால் ரியூசன் விட்டு வரும்? துருப்பிடித்த பூட்டுகளை வெட்ட வருகிற ஞாயிறு காலை ஆள் வருகிறார், கூலி குழுவின் செலவு. புதுப் பூட்டு மட்டும் நீங்கள் வாங்கி வையுங்கள்.