சில தளங்கள் மட்டும் திறக்காதபோது: இணையச் சேவை நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

வீடுகளுக்கு ஃபைபர் இணைப்பு தரும் நிறுவனங்களின் தொழில்நுட்பப் பொறுப்பாளர்களுக்கும், வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் போன் எடுக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

திருநெல்வேலிப் பக்கம் ஒரு சிறிய ஊரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். "நெட் இருக்கு, ஆனா சில சைட் மட்டும் வரமாட்டேங்குது" என்று கடைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் உங்களிடம் பேசிவிட்டுத்தான் வருகிறார்கள். உங்கள் ஆள் வீட்டுக்கு வந்து, பெட்டியில் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்த்து, தன் போனில் ஸ்பீடு டெஸ்ட் போட்டுக் காட்டியிருப்பார். "லைன் நல்லா இருக்கு சார், சிஸ்டத்துலதான் ஏதோ பிரச்சினை, ஃபார்மட் பண்ணிப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். அந்தச் சொல்லை நம்பி ஃபார்மட் செய்து, பிள்ளைகளின் பழைய போட்டோக்களை இழந்தவர்களை நான் அறிவேன். ஃபார்மட் செய்த பிறகும் அவர்களுக்கு அந்த சைட் திறக்கவில்லை.

அதனால் முதலில் இதைக் கேட்கிறேன்: சில தளங்கள் மட்டும் திறக்காததைத் தனி வகைப் புகாராக எடுத்துக்கொள்ளுங்கள். நான் பார்த்த உங்கள் செயலிகளில் "இணைப்பு இல்லை", "வேகம் குறைவு" என்ற இரண்டுக்கும் இடம் இருக்கிறது, இதற்கு இல்லை. வேறு வழியில்லாமல் அவர்கள் "வேகம் குறைவு" என்பதை அழுத்துகிறார்கள். நீங்களும் வேகத்தை அளந்து, சரியாக இருக்கிறது என்று புகாரை மூடிவிடுகிறீர்கள்.

ஸ்பீடு டெஸ்ட் உங்களுக்குப் பக்கத்தில் உள்ள சர்வரைத் தானாகத் தேர்ந்தெடுத்து அதனோடு பேசுகிறது. பல நேரம் அந்த சர்வர் உங்கள் வலைப்பின்னலுக்குள்ளேயே இருக்கும். அங்கே வேகம் வந்தால் அதுவரை பாதை சரி என்று பொருள். அதைத் தாண்டி மும்பையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் ஒரு சர்வரிடமிருந்து முழு அளவுப் பாக்கெட் (தகவலைப் பிரித்து அனுப்பும் துண்டு) வீடு வந்து சேர்கிறதா என்பதை அது சொல்லாது.

ஓய்வுபெற்ற ஒரு டீச்சரம்மா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். யூடியூப் தடையில்லாமல் ஓடுகிறது, கூகுள் தேடல் வருகிறது. பென்ஷன் கணக்கு இருக்கும் வங்கியின் பக்கம் மட்டும் வெள்ளையாகவே நிற்கிறது, மேலே வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அவர் போனை வாங்கி, வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் திறந்தேன். வங்கி வந்தது. அதே போனை வைஃபையில் போட்டால் வரவில்லை. கம்ப்யூட்டரைத் தொடாமலேயே, கோளாறு கம்ப்யூட்டரில் இல்லை என்று தெரிந்துவிட்டது. பிறகு "துண்டாக்காதே" என்ற குறியோடு, வெளியூர் சர்வர் ஒன்றுக்கு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனைப் பாக்கெட்) அனுப்பினேன். 1464 பைட்டுக்குப் பதில் இல்லை. பாக்கெட் பெரிதாக இருக்கிறது என்ற எச்சரிக்கைகூட வராமல் அப்படியே தொலைந்தது. அளவைக் குறைத்துக்கொண்டே வந்தேன். 1412-இல் பதில் வந்தது. பாக்கெட்டின் முன்னால் ஒட்டும் தலைப்புகளுக்கான 28 பைட்டைக் கூட்டினால் 1440. ரவுட்டரில் பாக்கெட்டின் உச்ச அளவைக் குறிக்கும் எம்டியூ என்ற இடத்தில் 1440 என்று எழுதிச் சேமித்துவிட்டு, ரவுட்டரை அணைத்துப் போட்டதும் வங்கியின் முகப்பு வந்தது. டீச்சர் பாஸ்வேர்டைத் தட்டத் தொடங்கினார்.

இதன் காரணம் உங்கள் பொறியாளர்களுக்கு நன்றாகவே தெரியும். ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு 1500 பைட். பிபிபிஓஇ முறையில் யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்து இணையும்போது அதில் 8 பைட் போய்விடும், மிச்சம் 1492. உங்கள் உள் வலைப்பின்னலில் பாக்கெட்டை இன்னொரு உறைக்குள் வைத்து அனுப்பும் டனல் இருந்தால் இன்னும் குறையும். குறுகிய வாசலுக்கு முன் பீரோ வந்து நின்றால், உள்ளே போகாது என்று யாராவது சொல்ல வேண்டும். அப்படிச் சொல்வதற்காகத்தான் ஐசிஎம்பி செய்தி இருக்கிறது. 1990-லேயே இந்த ஏற்பாட்டை எழுதிவைத்துவிட்டார்கள். ஆனால் பாதுகாப்பு என்ற பெயரில் ஐசிஎம்பியை மொத்தமாகத் தடுக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது, வங்கிகளின் ஃபயர்வால்களிலும் இருக்கிறது. செய்தி போய்ச் சேராததால், வங்கியின் சர்வர் தான் யார் என்று நிரூபிக்கும் சான்றிதழ் அடங்கிய அதே பெரிய பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கிறது. இணைப்பைத் தொடங்கும் முதல் கைகுலுக்கல் சிறிய பாக்கெட்டில் முடிந்துவிடுவதால், பிரவுசர் "இணைந்துவிட்டேன்" என்று நினைத்துக் காத்திருக்கிறது. யூடியூப் ஏன் தப்பிக்கிறது? அது பெரும்பாலும் குவிக் முறையில் பேசுகிறது. அந்த முறை 1200 பைட்டை ஒட்டிய சிறிய பாக்கெட்டிலிருந்து தொடங்கும்.

வங்கியின் ஃபயர்வாலை நீங்கள் திருத்த முடியாது, நானும் அதைக் கேட்கவில்லை. உங்கள் பக்கத்துக் கருவியில் ஒரு பாக்கெட்டில் ஏற்றும் தகவலின் உச்ச அளவைக் குறைத்துச் சொல்லும் எம்எஸ்எஸ் கிளாம்பிங் என்ற ஒரு அமைப்பைச் சரியான அளவோடு போட்டால், இரு முனைகளும் தொடக்கத்திலேயே சிறிய அளவுக்கு ஒத்துக்கொள்ளும். ஒரு பகுதி முழுவதற்கும் அதை ஓரிடத்தில் செய்துவிடலாம். நீங்கள் செய்யாமல் விட்டால், வீடு வீடாகப் போய் ரவுட்டரில் எண்ணை மாற்றும் வேலை என்னைப் போன்றவர்கள் தலையில் விழுகிறது. பல வீடுகளில் ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டையும் நீங்கள் தருவதில்லை. அங்கே எங்களாலும் ஒன்றும் செய்ய முடியாது.

கோளாறு கம்ப்யூட்டரிலேயே இருக்கும் வீடுகளும் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. மதர்போர்டில் இருக்கும் சிஆர் 2032 பேட்டரி தீர்ந்துபோய், கடிகாரம் பல வருடம் பின்னால் போயிருக்கும். அப்போது சான்றிதழின் தேதியோடு கடிகாரம் ஒத்துப்போகாமல், எச்டிடிபிஎஸ் தளங்கள் வரிசையாகச் சான்றிதழ் எச்சரிக்கை காட்டும். சின்னப் பேட்டரி ஒன்றை மாற்றி, தேதியைத் திருத்தினால் தீர்ந்தது. 2021 செப்டம்பர் 30 அன்று பல தளங்களின் சான்றிதழ்களுக்கு அடிப்படையாக இருந்த டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3 என்ற வேர்ச்சான்றிதழ் காலாவதியானபோது, அப்டேட் இல்லாத பழைய கம்ப்யூட்டர்களிலும் பழைய போன்களிலும் பல தளங்கள் ஒரே நாளில் நின்றன. விண்டோஸ் 7-க்கு 2023 ஜனவரியில் வந்த குரோம் 109-தான் கடைசிப் பதிப்பு, அதனால் அங்கேயும் சில தளங்கள் தகராறு செய்யலாம். இவை எல்லாமே உங்கள் பொறுப்பு இல்லைதான். ஆனால் போனில் பேசும் தம்பி "திரையில் என்ன வாசகம் வருகிறது, மூலையில் தேதி சரியாக இருக்கிறதா" என்று கேட்டால் போதும், ஃபார்மட் என்ற சொல்லே வாயில் வராது.

தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் விஷயத்தில் இன்னும் கொஞ்சம் அக்கறை வேண்டும். உங்கள் பெயர் சர்வர் தடுமாறும் நாட்களில் நான் 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்ற பொது டிஎன்எஸ் சர்வருக்கு மாற்றிக்கொடுத்து அனுப்பிவிடுகிறேன், வாடிக்கையாளருக்கு வேலை நடந்துவிடுகிறது. உங்களுக்கோ கோளாறு இருந்ததே தெரியாமல் போகிறது. அதோடு, ரவுட்டரை எல்லா வீட்டுக்கும் ஒரே பொதுப் பாஸ்வேர்டோடு மாட்டிவிட்டுப் போகாதீர்கள். டிஎன்எஸ் முகவரியைத் திருட்டுத்தனமாக மாற்றும் டிஎன்எஸ்சேஞ்சர் கும்பலை எஃப்பிஐ விசாரணையில் 2011 நவம்பரில் பிடித்தார்கள். கும்பலின் சர்வர்களுக்குப் பதிலாகத் தற்காலிகமாக ஓடவிட்ட மாற்று சர்வர்களை 2012 ஜூலை 9 அன்று நிறுத்தும்வரை, பாதிக்கப்பட்ட பலருக்கு அது தெரியவே இல்லை.

அடுத்தது, தடைசெய்யப்பட்ட தளங்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின்படி தளத்தைத் தடுக்க அரசின் உத்தரவு வந்தால் நீங்கள் தடுத்தே ஆகவேண்டும். அதற்கான 2009-ஆம் ஆண்டு விதிகளில் 16-ஆவது விதி ரகசியம் காக்கச் சொல்கிறது என்பதும் தெரியும். எச்டிடிபிஎஸ் தளத்தின் இடத்தில் அறிவிப்புப் பலகை காட்டுவது எளிதல்ல, சான்றிதழ் எச்சரிக்கைதான் முந்திக்கொண்டு வரும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். உத்தரவைக் காட்டுங்கள் என்று கேட்கவில்லை. "உங்கள் கம்ப்யூட்டரில் கோளாறு இல்லை, அதைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்" என்ற அளவிலாவது சொல்லலாமே. "கனெக்‌ஷன் ரீசெட்" என்ற ஒரு வரியைப் பார்த்துவிட்டு, வைரஸ் என்று பயந்து, இல்லாத நோய்க்குப் பணம் கொடுக்க வருகிறார்கள். அந்தக் காசை வாங்க எனக்கு மனம் வருவதில்லை.

ஒரே பொது ஐபி முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுப்பதும் இப்படித்தான். ஐபிவி4 என்ற பழைய முறையில் முகவரிகளுக்கு இருக்கும் பஞ்சம் எனக்கும் தெரியும். யாரோ ஒருவர் வீட்டுக் கம்ப்யூட்டர் ஸ்பேம் அனுப்பினால், அந்த முகவரியை ஒரு தளம் தடுத்துவிடும், தெருவே மாட்டிக்கொள்ளும். இந்தப் புகார் வந்தால் வேறு முகவரிக்கு மாற்றிக்கொடுக்க உங்கள் முன்வரிசை ஆட்களுக்கு அதிகாரம் கொடுங்கள். "மேலே அனுப்பியிருக்கோம்" என்று சொல்லி வாரக்கணக்கில் இழுக்காதீர்கள்.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2012-இல் கொண்டுவந்த குறைதீர்ப்பு ஒழுங்குமுறையின்படி, புகாருக்கு டாக்கெட் எண் தரவேண்டும். தீர்வு சரியில்லையென்றால் உங்கள் நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். கடைக்கு வருகிறவர்களிடம் அந்த எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லி அனுப்புகிறேன். திறக்காத தளத்தின் பெயர், மொபைல் டேட்டாவில் திறந்ததா, திரையில் வந்த வாசகம், பிங் அளவு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதியும் கொடுக்கிறேன். அந்தத் தாளோடு உங்களை அழைப்பவரிடம் தயவுசெய்து மறுபடியும் ஸ்பீடு டெஸ்ட் போடச் சொல்லாதீர்கள்.

எங்கள் பகுதியில் வேலை பார்க்கும் டெக்னீஷியன்கள் திறமையானவர்கள். மழையில் கம்பம் ஏறி அறுந்த கேபிளை இணைப்பவர்கள். அவர்களுக்கு இந்த மொபைல் டேட்டா சோதனையையும் பிங் சோதனையையும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அனுப்பிவையுங்கள், என் கடையிலேயே செய்து காட்டுகிறேன். அதற்குக் காசு வேண்டாம்.

இப்படிக்கு,
கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்காரர் ஒருவர்,
திருநெல்வேலி மாவட்டம்