தோட்டத்திலிருந்து அப்பா

அன்புள்ள பாப்பா,

கேமராவுக்கும் கம்பிக் கதவுக்கும் நீ அனுப்பிய பணம் வந்துவிட்டது. தோட்டத்து வீட்டில் தனியாக இருந்த வயசானவர்களைக் கொன்று நகையைக் கொண்டுபோன செய்தியைப் படித்ததிலிருந்து நீ சரியாகத் தூங்குவதில்லை என்று மாப்பிள்ளை சொன்னார். பயம் நியாயம்தான். நாய் குரைத்தால் எனக்கும் முழிப்பு வந்துவிடுகிறது.

ஆனால் கணக்கைக் கொஞ்சம் பார். 2022இல் நாடு முழுக்கப் பதிவான கொலை வழக்குகள் 28,522. அதில் ஆதாயக் கொலை என்று போலீஸ் எழுதியது 1,884தான். அதே வருஷம் இடி விழுந்து செத்தவர்கள் 2,887 பேர். வானம் இருட்டினால் ஆட்டை அவிழ்க்க ஓடுவாளே உன் அம்மா, எனக்கு அங்கேதான் பக்கென்கிறது.

அதைவிடப் பெரிசு பாம்பு. 2000 முதல் 2019 வரை பாம்பு கடித்துச் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்று ஒரு ஆய்வு மதிப்பிட்டது; வருஷத்துக்கு 58,000. கட்டுவிரியன் ராத்திரியில் வரும், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வீக்கமும் இருக்காது, பெரிதாக வலியும் இருக்காது. எறும்பு என்று தேய்த்துவிட்டுப் புரண்டு படுத்துவிடுவார்கள். விடிவதற்குள் இமை தொங்கி, மூச்சு திணறும். அதனால் அம்மாவின் பாயைச் சுருட்டிவிட்டுக் கட்டிலும் கொசுவலையும் வாங்கிவிட்டேன். இடுப்புக்குத் தரைதான் சுகமாம், இன்னும் முணுமுணுக்கிறாள்.

தண்ணீரில் மூழ்கிச் சாகிறவர்களும் கொலையாகிறவர்களைவிட அதிகம். மே லீவுக்கு உன் பையன் வருவான். நம் கிணற்றுக்கோ கைப்பிடிச் சுவர் பாதிதான் நிற்கிறது. உன் பணம் அதற்குத்தான். கேமரா அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

சரி, இப்போது உன் விஷயம். 2022இல் சாலை விபத்தில் போனவர்கள் 1,68,491 பேர். ஹெல்மெட் போடாமல் செத்தவர்கள் மட்டும் 50,029. அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள். நீ போனவாரம் அனுப்பிய போட்டோவில் உன் தலையில் ஹெல்மெட் இருக்கிறது, வார் தாடைக்குக் கீழே ஆடிக்கொண்டிருக்கிறது. வாரை மாட்டாத ஹெல்மெட் விழுந்த உடனே தனியாக உருண்டு ஓடிவிடும், பாப்பா. பின்னால் பையன் வெறுந்தலையோடு உட்கார்ந்திருக்கிறான். அவன் அளவுக்கு ஒன்று வாங்கிவிட்டுச் சொல், பணம் நான் போட்டுவிடுகிறேன்.

கொத்தனார் திங்கட்கிழமை வருகிறார். அம்மா முருங்கைக்காய் அனுப்பட்டுமா என்று கேட்கிறாள்.

அன்புடன்,
அப்பா