பையில் போட்ட லேப்டாப் ஏன் சுடுகிறது

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் போடச் சொல். அவர் நன்றாகத் தெரிகிறது என்று தானே நிறுத்திவிடுவார், பக்கத்தில் இருந்து கவனி. காரைக்காலுக்கு மாற்றல் வந்தது உனக்கு எவ்வளவு சிரமம் என்று எனக்குத் தெரியும். வாராவாரம் புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் பஸ்ஸில் போய்வருவது சின்ன விஷயமா? ஆனாலும் ஆய்வுக் கட்டுரையைக் கைவிடாமல் எழுதிக்கொண்டிருக்கிறாய். அதை நினைத்தால் பெருமையாக இருக்கிறது.

இங்கே எல்லோரும் நலம். சின்னவள் பன்னிரண்டாம் வகுப்பு, வீட்டில் டிவி சத்தமே இல்லை. அத்தைக்கு முட்டி வலி முன்னைவிடக் குறைந்திருக்கிறது. எனக்கு ஆடிட்டர் அலுவலகத்தில் அதே வேலைதான். கணக்கு பார்ப்பதோடு, அங்கே இருக்கிற கம்ப்யூட்டர்களுக்கு ஏதாவது ஒன்று என்றாலும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். எனக்கு அந்த வேலை பிடித்திருக்கிறது. அதனால்தான் உன் லேப்டாப் சங்கதியைப் படித்ததும் அன்றிரவே பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

மூடியை மூடிப் பையில் வைத்தாய், காரைக்காலில் இறங்கிப் பார்த்தால் தொட முடியாத சூடு, பேட்டரி காலி. சில நாள் திறந்தால் திரை கறுப்பாகவே நிற்கிறது. கடையில் மதர்போர்டு மாற்ற வேண்டும் என்றார்கள். இவ்வளவுதானே நீ எழுதியிருந்தது? தயவுசெய்து மதர்போர்டுக்குப் பணம் கொடுத்துவிடாதே. நீ சொன்ன அறிகுறிகளை வைத்துப் பார்த்தால், அது பழுதாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. புது லேப்டாப்களில் ஸ்லீப், அதாவது அணைக்காமல் தூங்க வைப்பது, வேலை செய்யும் விதமே மாறிவிட்டது. இதை வாங்குகிறவர்களிடம் யாரும் சொல்வதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

நம் பழைய லேப்டாப்பை நினைத்துப் பார். மூடினால் பிராசஸர், டிஸ்க், ஃபேன் எல்லாம் நின்றுவிடும். திறந்துவைத்த வேலையைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகமான ரேமுக்கு மட்டும் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். இதற்கு எஸ்3 என்று பெயர். இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்று நிறுவனங்களும் சேர்ந்து 1996 டிசம்பரில் வெளியிட்ட ஏசிபிஐ என்ற மின்சார நிர்வாக விதிமுறையிலிருந்து வந்தது இந்த எண் வரிசை. அதில் எஸ்4 என்பது ஹைபர்னேட். ரேமில் இருப்பதையெல்லாம் டிஸ்க்கில் எழுதிவைத்துவிட்டு மெஷின் முழுதாக அணைந்துவிடும். மறுபடி போட்டால் எழுதிவைத்ததைப் படித்து, விட்ட இடத்திலிருந்து தொடங்கும்.

2012இல் விண்டோஸ் 8 வந்தபோது, செல்போன் மாதிரி தொட்டவுடன் திரை எரிய வேண்டும், மூடியிருக்கும்போதும் மெயில் வந்து சேர வேண்டும் என்று ஒரு புது முறையைக் கொண்டுவந்தார்கள். விண்டோஸ் 10 காலத்தில் அதற்கு மாடர்ன் ஸ்டாண்ட்பை என்று பெயர் வந்தது. மெஷின் எஸ்0 என்று காட்டுவது இதைத்தான். இதில் திரை அணையும், ஆனால் மெஷின் உண்மையில் ஓடும் நிலையிலேயே, மிகக் குறைந்த மின்சாரத்தில் இருக்கும். அடுப்பை அணைக்காமல் சிம்மில் வைத்துவிட்டு ஊருக்குப் போவது போலத்தான். எல்லாம் ஒழுங்காக இருந்தால் ஒன்றும் ஆகாது. ஒரு டிரைவர் (மெஷினின் ஒரு கருவியை இயக்கும் மென்பொருள்) சரியாக அடங்கவில்லை, ஒரு அப்டேட் நடுவில் ஓட ஆரம்பித்தது என்றால், காற்றே போகாத துணிப் பைக்குள் சூடு ஏறிக்கொண்டே போகும். கடலூர், சிதம்பரம், சீர்காழி என்று நீ தாண்டிப்போகிற அத்தனை நேரமும் அது உள்ளே வேலை செய்துகொண்டிருக்கிறது.

உன்னுடையது எந்த வகை என்று ஊகிக்க வேண்டாம், மெஷினையே கேட்கலாம். ஸ்டார்ட் மெனுவில் கமாண்ட் ப்ராம்ப்ட் என்று தேடி, அதன்மேல் வலது கிளிக் செய்து, அட்மினிஸ்ட்ரேட்டராகத் திற. அதில் பவர்சிஎஃப்ஜி (powercfg) என்று ஒரே வார்த்தையாக ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடம் விட்டு, சாய்கோடு (/), அதை ஒட்டி ஏ (a). என்டர் தட்டினால் இந்த மெஷினுக்கு எந்தெந்தத் தூக்கம் வரும், எது வராது, ஏன் வராது என்று பட்டியல் போடும். அதில் எஸ்0 இருந்து, எஸ்3 கிடையாது என்று வந்தால் நான் சொன்னது சரி. பெரும்பாலும் ஒரு மெஷினில் இந்த இரண்டும் சேர்ந்து கிடைக்காது. எஸ்3 வேண்டும் என்று ரெஜிஸ்ட்ரியில், அதாவது விண்டோஸின் உள் அமைப்புப் பதிவேட்டில், கைவைக்கச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அதைச் செய்யாதே. மெஷினைச் செய்தவர்கள் பயாஸில் (மெஷின் தொடங்கும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) அதற்கு இடம் கொடுக்கவில்லை என்றால், தூங்கின லேப்டாப் எழுந்திருக்காமலே போகலாம்.

அப்புறம் அதே கட்டளையில் ஏ-வுக்குப் பதிலாக ஸ்லீப்ஸ்டடி என்று சேர்த்து அடி. ஓர் அறிக்கையை உருவாக்கி, எந்த இடத்தில் வைத்திருக்கிறது என்றும் சொல்லும். அதை பிரவுசரில் திறந்து பார். கடைசி மூன்று நாளில் எப்போதெல்லாம் தூங்கியது, ஒவ்வொரு தடவையும் பேட்டரி எவ்வளவு இறங்கியது, அந்த நேரத்தில் அதிகமாக விழித்திருந்த டிரைவர் எது, கருவி எது எல்லாம் அதில் இருக்கும். மதர்போர்டு என்று சொன்ன கடையில் இதை ஒரு தடவை திறந்து பார்த்திருந்தால் உன்னை அலைய விட்டிருக்க மாட்டார்கள். காசு கேட்பதற்கு முன்னால் மெஷினிடம் இரண்டு கேள்வி கேட்பது ஒரு சர்வீஸ் ஆளின் கடமை என்று நான் நினைக்கிறேன்.

சரி, உனக்கு என்ன செய்ய வேண்டும்? மூடியை மூடினால் ஸ்லீப் வேண்டாம், ஹைபர்னேட் ஆகட்டும். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போ. இடது பக்கம் பவர் பொத்தான்கள் என்ன செய்ய வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் வரி ஒன்று இருக்கும். அங்கே மூடியை மூடும்போது என்ற இடத்தில் பேட்டரி, சார்ஜர் இரண்டுக்கும் ஹைபர்னேட் வை. அந்தப் பக்கத்தின் மேலேயே, இப்போது மாற்ற முடியாத அமைப்புகளை மாற்று என்று ஒரு வரி இருக்கும். அதைத் தட்டினால் கீழே ஹைபர்னேட்டுக்கு டிக் போடலாம், அப்புறம் ஸ்டார்ட் மெனுவிலும் அது தெரியும். இது விண்டோஸில் வழக்கமாக மறைந்தே இருப்பதால், நிறையப் பேர் தங்கள் லேப்டாப்பில் அந்த வசதியே இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அங்கே ஹைபர்னேட் என்ற பெயரே காணவில்லை என்றால், யாராவது இடம் மிச்சப்படுத்துகிறேன் என்று அதை அணைத்திருக்கலாம். சி டிரைவில் ஹைபர்ஃபில் என்று மறைந்திருக்கும் ஃபைல்தான் ரேமை எழுதிவைக்கும் இடம். வழக்கமாக ரேமில் 40 சதவீதம் அளவு இருக்கும். உனக்கு 16 ஜிபி ரேம் என்றால் ஆறரை ஜிபிக்குக் கொஞ்சம் குறைவு. அந்த இடத்துக்கு ஆசைப்பட்டு அதை அணைக்கிற பழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. நம்மைப் போல் பஸ்ஸில் லேப்டாப் தூக்கிக்கொண்டு போகிறவர்களுக்கு அது கட்டாயம் வேண்டும். பவர்சிஎஃப்ஜி, இடம், சாய்கோடு எச், இடம், ஆன். இதை அடித்தால் திரும்பி வந்துவிடும்.

ஹைபர்னேட் கொடுத்த உடனே பையில் திணித்துவிடாதே. எழுதி முடித்து பவர் விளக்கு அணையும்வரை நின்று பார். அது அணைந்தபிறகு உள்ளே எதுவும் ஓடாது, எத்தனை மணி நேரம் பையில் இருந்தாலும் சூடாகாது. திரும்ப எழ ஸ்லீப்பைவிடச் சில நொடி கூடுதலாக எடுக்கும், அவ்வளவுதான்.

நம் கடற்கரைப் பக்கத்துக்கு ஹைபர்னேட் ஏன் பொருத்தம் என்று இன்னொரு காரணமும் சொல்கிறேன். 2011 டிசம்பர் 30ஆம் தேதி ‘தானே’ புயல் அடித்தபோது இங்கே எத்தனை நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தோம், உனக்கும் மறந்திருக்காது. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. அடுத்த நாட்களில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து இங்கே எத்தனை தெருக்களில் புகுந்தது! அந்த மாதிரி நாளில் ஸ்லீப்பில் விட்ட மேஜை கம்ப்யூட்டருக்கு யுபிஎஸ் தீர்ந்தால், சேமிக்காத வேலை எல்லாம் போய்விடும். ரேமுக்கு மின்சாரம் நின்றால் அதில் இருந்ததும் இல்லை. ஹைபர்னேட்டில் இருந்தால் ப்ளக்கையே பிடுங்கிவைக்கலாம். இடி மின்னல் நேரத்தில் பிடுங்கிவைப்பதுதான் நல்லதும்கூட. எங்கள் அலுவலகத்தில் மேஜை கம்ப்யூட்டர்களுக்கு ஹைப்ரிட் ஸ்லீப் வைத்திருக்கிறேன். ரேமுக்கும் மின்சாரம் கொடுத்து, டிஸ்க்கிலும் ஒரு பிரதி எழுதிவைக்கும். கரண்ட் இருந்தால் சட்டென்று எழும், போனாலும் வேலை போகாது. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அன்று இதனால் யாருக்கும் பதற்றம் இல்லை.

திரை கறுப்பாக நிற்பது வேறு பிரச்சினை. பெரும்பாலும் மெஷின் எழுந்திருக்கும், டிஸ்ப்ளே டிரைவர் எழுந்திருக்காது. அப்படி நடந்தால் உடனே பவர் பொத்தானை அமுக்கி அணைக்காதே. விண்டோஸ் பொத்தான், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் சேர்த்து அழுத்து. டிஸ்ப்ளே டிரைவர் மட்டும் மறுபடி தொடங்கும், நீ திறந்துவைத்திருந்தது அப்படியே இருக்கும். அடிக்கடி வந்தால், லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலேயே உன் மாடல் எண்ணைக் கொடுத்து டிஸ்ப்ளே டிரைவர், சிப்செட் டிரைவர், பயாஸ் மூன்றையும் புதுப்பி. பயாஸ் புதுப்பிக்கும்போது சார்ஜர் கட்டாயம் மாட்டியிருக்க வேண்டும், கரண்ட் போகிற நேரமாகவும் இருக்கக் கூடாது.

இன்னொன்று. தினமும் ஷட் டவுன் செய்தும் கோளாறு போகவில்லை என்று எழுதியிருந்தாய். விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று இருக்கிறது. அது இயக்கத்தில் இருந்தால் ஷட் டவுன் என்பது பாதி ஹைபர்னேட். உன் புரோகிராம்களை மூடிவிட்டு, விண்டோஸின் உள் பகுதியையும் டிரைவர்களையும் டிஸ்க்கில் எழுதிவைத்து, மறுநாள் அதையே எடுத்துப் போடும். மக்கர் செய்கிற டிரைவரும் அதோடு சேர்ந்து திரும்பி வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால் மட்டும் எல்லாம் புதிதாகத் தொடங்கும். அதனால் வாரம் ஒரு தடவையாவது ரீஸ்டார்ட் கொடு. உன் மகன் அதே லேப்டாப்பில் விண்டோஸோடு லினக்ஸ் என்ற இன்னோர் இயங்குதளமும் போட்டிருக்கிறான் என்றாயே, அவனிடமும் சொல்லிவை. விண்டோஸ் ஹைபர்னேட்டில் இருக்கும்போது லினக்ஸிலிருந்து டிஸ்க்கில் விண்டோஸ் இருக்கும் பகுதியில் எதையும் எழுதக் கூடாது. எழுதினால் ஃபைல்கள் கெட்டுப்போக வாய்ப்பு உண்டு.

இதற்கு நேர்மாறான தொல்லையும் இருக்கிறது, தூங்க வைத்தது தானாக எழுந்துகொள்வது. எங்கள் அலுவலகத்தில் ஒரு கம்ப்யூட்டர் ராத்திரியில் எழுந்து உட்கார்ந்திருக்கும். வாட்ச்மேன் பயந்துபோய் என்னிடம் சொன்னார். காலையில் பவர்சிஎஃப்ஜி, சாய்கோடு, லாஸ்ட்வேக் என்று அடித்ததும், எழுப்பியது நெட்வொர்க் அடாப்டர் என்று பெயரோடு காட்டியது. டிவைஸ் மேனேஜரில் அந்த அடாப்டரின் பவர் பக்கம் போய், கம்ப்யூட்டரை எழுப்ப அனுமதி என்ற டிக்கை எடுத்தேன், அதோடு நின்றது. மேஜை ஆடினால் மவுஸ் எழுப்பும், அதற்கும் இதே வைத்தியம். மெஷின் தூங்கவே மாட்டேன் என்றால் அதே கட்டளையில் லாஸ்ட்வேக்குக்குப் பதிலாக ரிக்வெஸ்ட்ஸ் என்று அடித்துக் கேட்க வேண்டும். பாட்டு ஓடுகிற பிரவுசர் பெயர்கூட அதில் வரும்.

லேப்டாப்பின் மூடியில் ஒரு காந்தமும், கீழே அதை உணரும் ஒரு சென்சாரும் இருக்கும். மூடியிருக்கிறது என்று மெஷினுக்குத் தெரிவது அதனால்தான். காந்தம் வைத்த செல்போன் உறையை விசைப்பலகை ஓரத்தில் வைத்தால் திறந்திருக்கும்போதே தூங்கிவிடும். உன் போன் உறை அப்படித்தான் என்று ஞாபகம், தள்ளி வை.

ஸ்லீப்ஸ்டடி அறிக்கையை எனக்கு மெயிலில் அனுப்பு. எந்த டிரைவர் என்று பார்த்துச் சொல்கிறேன். உன் கட்டுரையின் ஒரு பிரதியைப் பென் டிரைவில் இன்றைக்கே எடுத்துவை. மாசி மகத்துக்கு தேவனாம்பட்டினம் வருவதாகச் சொன்னாய், முடிந்தால் முதல் நாளே திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கிவிடு, நான் வந்து அழைத்துப்போகிறேன். லேப்டாப்போடு சார்ஜரையும் எடுத்து வா, பயாஸ் வேலையை இங்கேயே முடித்துவிடலாம். அப்பாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உன் தோழி